பாரீசிலிருந்து வந்த பிசின்

புதுச்சேரிக்கு எந்தத் தேதியில் விடுதலை கிடைத்தது என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. க்சாவியேவின் வயிற்றுக்கு எப்போது விடுதலை கிடைத்தது என்பதில் அவர் மனைவி மதலேனுக்குச் சந்தேகமே இல்லை. பிரெஞ்சு இராணுவத்தில் இருந்தவரை அது பெல்ட்டுக்குள் அடங்கிக் கிடந்தது. அவர் ஓய்வு பெற்று, ஊர் திரும்பி, வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில் மாடி வீடு கட்டி, பென்சன் ஒழுங்காக வர ஆரம்பித்ததும் அது கிளர்ந்தெழுந்தது. காலையில் கரைக்கு வரும் வஞ்சரத்தில் நல்ல துண்டம் எங்கே போகிறது என்று மீன்காரிகளுக்கெல்லாம் தெரியும். அந்த வயிற்றை மதலேன் குறையாக நினைத்ததில்லை. தன் சமையலுக்கு ஊரார் பார்க்கும்படி கிடைத்த நற்சான்று என்றே நினைத்திருந்தாள்.

சிக்கல் கொடியால் வந்தது.

முன்னாள் பிரெஞ்சு வீரர்கள் நேசச் சங்கம் என்று ஒன்று இருந்தது. ஜூலை பதினான்காம் தேதி பிரெஞ்சு தேசிய நாளில், கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் இந்தச் சங்கத்தின் கொடியும் நிற்கும். அதைத் தூக்கிக்கொண்டிருந்தவர் மகளோடு இருப்பதற்காக பிரான்சுக்கே போய்விட்டார். இடம் காலி. கொடி தூக்குபவர் பேச வேண்டியதில்லை, நடக்கவும் அதிகம் வேண்டாம். நேராக நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தூதரகத்துக்காரர்கள் முதலில் கை கொடுப்பது அவருக்குத்தான். போட்டோவில் நடுவில் நிற்பதும் அவர்தான்.

க்சாவியே அந்த இடத்துக்கு ஏங்கினார். அதற்கு அவர் வெளியில் சொல்லாத ஒரு காரணம் இருந்தது. இராணுவத்தில் இருந்த காலம் முழுக்க அவர் சமையல்கூடத்தில் இருந்தார். துப்பாக்கியைத் துடைத்திருக்கிறார், சுட்டதில்லை. ஊரில் யாராவது பிரெஞ்சு மரியாதையோடு, “சண்டையெல்லாம் பாத்திருப்பீங்களே மிசியே?” என்று கேட்டால், கடல் பக்கம் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். கேட்டவர் எந்தப் போர்க்களம் என்று தானே கற்பனை செய்துகொள்வார். அந்தப் பெருமூச்சு பெரும்பாலும் வெங்காயத்தைப் பற்றியது.

சங்கத் தலைவர் அரிகிருஷ்ணன் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் கொடிப்பட்டையோடு வீட்டுக்கு வந்தார். தோளிலிருந்து குறுக்கே இறங்கி வயிற்றைச் சுற்றிப் பூட்டிக்கொள்ளும் தோல் பட்டை அது. கொடிக்கம்பைச் செருக முன்னால் ஒரு கிண்ணம். பிரான்சின் தூலோன் துறைமுகத்திலிருந்து வந்ததாம். அதைத் தொடுவதற்கு முன்னால் அரிகிருஷ்ணன் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொள்வார்.

“மூச்ச புடிங்க மிசியே.”

“புடிச்சிட்டேன்.”

“இன்னும் கொஞ்சம்.”

“இதுக்கு மேல புடிச்சா பென்சன் நின்னுடும்” என்றார் க்சாவியே, பல்லைக் கடித்துக்கொண்டு.

கொக்கி முதல் ஓட்டைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது.

“இன்னும் ஒரு ஓட்டதான்” என்றார் க்சாவியே மூச்சை விட்டபடி. அந்த ஒரு ஓட்டைக்குள் ஒரு முழு வஞ்சரம் இருந்தது.

அரிகிருஷ்ணனுக்கும் வயிறு இருந்தது. க்சாவியேவினுடையதைவிடக் கொஞ்சம் மூத்தது. ஆனால் தலைவருக்குப் பட்டை கிடையாது, நாற்காலிதான். “பட்ட பூட்டலன்னா கொடி இல்ல மிசியே. நான் போட்ட ரூல் இல்ல, பட்ட போட்ட ரூல்” என்றார் வருத்தத்தோடு.

மதலேன் எட்டிப் பார்த்தாள். “இதுக்கா இவ்ளோ யோசன? மார்க்கெட்டாண்ட செருப்பு தைக்கறவருகிட்ட குடுத்தா ஒரு சாண் தோலு சேத்துத் தச்சிக் குடுத்துட்டுப் போறாரு.”

இருவரும் அவளைப் பூசைப் பாத்திரத்தில் எச்சில் பட்டுவிட்டதைப் போலப் பார்த்தார்கள்.

“பிரெஞ்சுத் தோலோட உள்ளூர்த் தோல சேக்கறதா!” என்றார் அரிகிருஷ்ணன்.

மதலேன் இரண்டு பேரின் தோலையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள்.

கிறிஸ்மசுக்குப் பாரீசிலிருந்து மகன் மத்தியோ வந்தான். அப்பாவின் துயரத்தை அவன் வாட்ஸப்பில் ஏற்கெனவே அறிந்திருந்தான். பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது ஒரு பழுப்புக் கண்ணாடிப் புட்டி. உள்ளே கருஞ்சிவப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பிசின் கட்டிகள். மேலே வெள்ளை லேபிளில் மெல்லிய எழுத்தில் எல்லாம் பிரெஞ்சு: கொழுப்பைக் கரைக்கும், இரத்தத்தைச் சுத்தமாக்கும், உடலை இலேசாக்கும்.

“குக்குலு பாப்பா. ஆயுர்வேத மருந்து. அங்க பயோ கடையில, அதான் இயற்கைச் சாமான் கடையில, வெக்கறதுக்குள்ள காலியாயிடுது” என்று அப்பாவிடம் நீட்டினான்.

க்சாவியே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லேபிளை வானத்திலிருந்து வந்த சம்மனசுவின் செய்தியைப் படிப்பதுபோலப் படித்தார். கடைசி வரியில் அவர் குரல் நின்றது. மதலேன் எட்டிப் படித்தாள். விளைந்த இடம்: இந்தியா.

“நம்ம ஜமால் கடையிலயே கெடைக்குமே இது. சாம்பிராணி பக்கத்துல டப்பாவுல வெச்சிருப்பாரு” என்றாள்.

“அது வேற, இது வேற. இது இங்க பொறந்து, அங்க போயி, பரீட்சையில தேறித் திரும்பி வந்தது. என்னைய மாதிரி.”

இரவில் வெந்நீரில் ஒரு கட்டியை ஊறப்போட்டு, காலையில் கரைத்து வடிகட்டித் தருவது அவள் வேலையாயிற்று. கரையும்போது சம்பாக் கோயிலில் பெரிய பூசைக்குப் போடும் புகையின் மணம் அடுக்களை முழுக்க நிறையும். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, “செ ஃபோர்!” என்பார் க்சாவியே. கடுமையாக இருக்கிறதாம். கடுமையாக இருப்பதெல்லாம் நல்லதென்பது இராணுவத்தில் கற்றது.

மருந்து வேலை செய்தது. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். அரிகிருஷ்ணன் பழகிப் பார்க்க விட்டுப்போன பட்டையில், பொங்கல் கழிந்ததும் கொக்கி முதல் ஓட்டையைத் தொட்டது. சாம்பல் புதனுக்குள் அதைத் தாண்டிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் ஒரு கூட்டம் அவரைச் சூழ்ந்துகொள்ளும்.

“இன்னா மிசியே, கல்யாண மாப்ள மாதிரி ஆயிட்டீங்க!”

“மதாம், ஜாக்கிரதையா இருங்க. யாராவது கொத்திக்கினு போயிடப் போறாங்க!”

க்சாவியே பாரீஸ் புட்டியின் பெருமையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வார். அந்த வழியாக வரும் அரிகிருஷ்ணன் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று, தன் சட்டைப் பொத்தான்களைக் குனிந்து பார்த்துக்கொள்வார்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் ஒரு மத்தியானம் மதலேன் வஞ்சரம் வறுத்து வைத்தாள். க்சாவியே தட்டைத் தள்ளி வைத்தார்.

“நோன்பு நாள் இல்லையே இன்னிக்கு” என்றாள்.

“பசி இல்ல. மருந்து பசிய அடக்குது. லேபிள்லயே போட்டிருக்கு.”

அதுவரை மதலேன் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இந்த மனிதர் ஜுரத்திலும் மீன் கேட்டவர், அவர் தாயின் அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம், அழுதுகொண்டே, “குழம்பு மீந்திருக்கா?” என்று கேட்டவர். வறுத்த துண்டத்தின் வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தபோது, வீட்டில் யாரோ அயலார் வந்து உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்கு இருந்தது.

பிறகு முதுகு வலி வந்தது. நேராக நிற்பதற்குப் பழகுகிறேன், அதனால்தான் என்றார். இரவில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். காவல் பணியில் இருந்தவர்கள் அப்படித்தான் தூங்குவார்கள் என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு இராணுவக் காரணம் இருந்தது.

மதலேன் தனக்கு இருமல் என்று சொல்லி, அவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு டாக்டர் அஞ்சலாட்சியிடம் போனாள். டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை ஒரு பார்வை பார்த்தார்.

“நீங்க எப்பலேர்ந்து எளச்சீங்க?”

க்சாவியே நிமிர்ந்தார். இதைவிட இனிமையான கேள்வி அவரிடம் கேட்கப்பட்டதில்லை. புட்டியின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார். டாக்டர் முழுக்கக் கேட்கவில்லை. படுக்கச் சொல்லி வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஓரிடத்தில் கை நின்றது.

“மருந்தால எளைக்கற எளப்பு இல்லைங்க இது. ஸ்கேன் எடுத்துக்கினு வாங்க. இந்த வாரமே.”

தெருவுக்கு வந்ததும் க்சாவியே சிரித்தார். “அந்த அம்மா எவ்ளோ குண்டா கீறாங்க, பாத்தியா? வயித்தெரிச்சல்.”

“எடுத்துடலாங்க. இன்னா போவுது?”

“எடுக்கறேன். பாரீஸ்ல எடுக்கறேன். என் உடம்ப இத்தினி வருஷமா பிரெஞ்சு சர்க்கார் பாத்துக்கினு இருக்குது. நடுவுல இங்க ஒருத்தர் கைய வெச்சா கேசே கெட்டுடும். அங்க மிஷினே வேற மதலேன். நீ படுத்தா போதும், அதுவே உள்ள போயி அதுவே பாத்து அதுவே சொல்லிடும்.”

மதலேன் மத்தியோவுக்குப் போன் போட்டாள். அவன் அப்பாவை வீடியோவில் பார்த்து, “பாப்பா சூப்பரா இருக்காரு மம்மா! என் பிரெண்டுங்க நம்பவே மாட்டேங்கறாங்க!” என்றான். அம்மாவின் குரல் மாறியதும் அங்கே பெரிய மருத்துவமனையில் நாள் கேட்டு வாங்கினான். ஆகஸ்டில்தான் கிடைத்தது. அதற்கு முன்னால் கிடைத்திருந்தாலும் பயனில்லை. ஜூலை பதினான்குக்கு முன்னால் விமானம் ஏறுவதில்லை என்று க்சாவியே கொடிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் மதலேன் ஒரு காரியம் செய்தாள். பிசினை ஊறப்போடவில்லை. வெந்தயத்தையும் சீரகத்தையும் கருக வறுத்துக் கொதிக்கவைத்து, அதே கண்ணாடித் தம்ளரில் ஊற்றினாள். நிறம் பொருந்தியது, கசப்பும் பொருந்தியது. வாசனைக்கு என்ன செய்வது? ஒரு சின்னப் பிசின் துணுக்கைக் கரித் துண்டின் மேல் போட்டு அடுப்படியில் புகைய விட்டாள்.

“செ ஃபோர்!” என்றார் க்சாவியே. “இன்னிக்கு ரொம்பக் கடுமையா இருக்குது.”

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். பிசின் இல்லாவிட்டால் இளைப்பு நிற்கிறதா? நின்றால் அவள் தலைவலி தீர்ந்தது. எல்லாம் பிசின் செய்த வேலை, நிறுத்தினால் வயிறு திரும்பி வரும், வஞ்சரம் திரும்பி வரும். தினமும் அவர் பட்டையைப் போட்டுப் பார்க்கும்போது அவள் கொக்கியையே பார்த்தாள். அந்தக் கொக்கி அதே இடத்தில் ஒரு வாரம் நிற்கட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். கணவன் குண்டாக வேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றிய ஒரே பெண் அவளாகத்தான் இருப்பாள்.

கொக்கி நிற்கவில்லை. முன்பைவிட வேகமாகப் போனது. மே மாதம் பிறந்தபோது பட்டையில் ஓட்டைகளே தீர்ந்துவிட்டன. க்சாவியே அதை வெற்றியாக எடுத்துக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் போய் அந்தச் செருப்பு தைப்பவரிடமே புது ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

“உள்ளூர்த் தோலு சேக்கக் கூடாதுன்னீங்க. உள்ளூர் ஓட்ட மட்டும் போடலாமா?” என்றாள் மதலேன்.

“ஓட்டன்றது ஒண்ணும் இல்லாத எடம் மதலேன். அதுக்கு நாடு கெடையாது.”

நன்றாகத்தான் சொன்னார். அவள் அழாமல் இருப்பதற்காகச் சிரித்தாள்.

யாராவது ஒருவர் தன் பக்கம் பேசினால் தேவலை என்று ஒருநாள் புட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜமால் கடைக்குப் போனாள். ஜமாலின் அப்பா காலத்தில் அது நாட்டு மருந்துக் கடை. இப்போது வாசலில் ஹெர்பல் வெல்னஸ் சென்டர் என்று விளக்குப் பலகை எரிந்தது. உள்ளே அதே மிளகு, அதே திப்பிலி. டப்பாக்களுக்கு மட்டும் மூடி மாறியிருந்தது. ஜமால் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார்.

“ஜமால் பாய், இது இவ்ளோ எளைக்க வெக்குமா? உள்ளத சொல்லுங்க.”

ஜமால் ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தார். “நம்ம குக்குல் பிசின்தான் மதாம். கொழுப்ப கரைக்கறதுக்குன்னே ஆயுர்வேதத்துல சொன்ன சாமான். ஆனா கொஞ்சம் கொஞ்சமாத்தான் கேக்கும். மிசியேவுக்குக் கேட்ட மாதிரி நான் யாருக்கும் பாத்ததில்ல.”

“அதான் நானும் கேக்கறேன். இது இல்லாமலே எளைக்கறாரு பாய்.”

“அதான் சொல்றேன், அவரு உடம்பு வாகு அப்படி! எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. மின்ன எடுத்த போட்டோ ஒண்ணு, இப்ப எடுத்த போட்டோ ஒண்ணு. பக்கத்துல பக்கத்துல வெச்சா கஸ்டமருக்கு ஒரு நம்பிக்கை வரும்.”

“உங்க கடையில வாங்கினதே இல்லையே அவரு!”

“சரக்கு ஒண்ணுதானே மதாம்” என்றார் ஜமால், மிகுந்த பெருந்தன்மையோடு.

அவள் போட்டோ தரவில்லை. ஆனால் க்சாவியே தந்துவிட்டார். அடுத்த வாரம் மதலேன் மஞ்சள் வாங்கப் போனபோது, கல்லாவுக்கு மேலே இரண்டு க்சாவியேக்கள் தொங்கினார்கள். இடப்பக்கத்தவர் பேத்தி முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் இரண்டு கையிலும் கேக்கோடு சிரித்துக்கொண்டிருந்தார். வலப்பக்கத்தவரின் சட்டை, நாற்காலி மேல் போட்ட துண்டுபோல அவர் மேல் கிடந்தது. மதலேன் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் வாங்க மறந்துவிட்டது.

ஜூன் கடைசியில், ஒரு காலை, தம்ளரோடு புட்டியையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“பாருங்க. பாதிப் புட்டி அப்படியே கீது. ஈஸ்டர்லேர்ந்து நீங்க இத குடிக்கல.”

“பின்ன தினமும் குடிச்சது?”

“வெந்தயம். சீரகம். நான்தான் மாத்திட்டேன். மருந்து நிறுத்தியும் எளைக்குது. வேற என்னமோ கீதுங்க உள்ள. இன்னிக்கே போலாம், டாக்டரம்மாகிட்ட.”

க்சாவியே தம்ளரைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார். பிறகு மெடல் குத்தியதுபோல நெஞ்சு நிமிர்ந்தது.

“பாத்தியா! அதான் பாரீஸ் சரக்கு. உடம்புல ஊறிப்போச்சு. நிறுத்தின அப்பறமும் வேல செய்யுது!”

மதலேன் அவரையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் விட்ட எந்தக் கப்சாவுக்கும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. அவர் கை வயிற்றுக்குப் போனது, பழக்கத்தில். அங்கே தடவிக்கொடுக்க எதுவும் இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசை மேல் வைத்தார்.

“எனக்குத் தெரியாதுன்னு நெனக்கிறியா?” என்றார் மெதுவாக. அந்தக் குரலில் பிரெஞ்சும் இல்லை, இராணுவமும் இல்லை. “பதினாலாம் தேதி வரைக்கும் இது மருந்தாவே இருக்கட்டும் மதலேன். ஸ்கேன் எடுத்தா படுக்கப் போட்டுடுவாங்க. படுத்தா கொடி எவனுக்கோ போயிடும். சர்வீஸ் பூரா வெங்காயம் உரிச்சேன். ஒரு நாள் கொடி புடிச்சிக்கறேனே.”

“கொடியா பெரிசு? நான் இன்னா பண்றது?”

அதற்கு அவரிடம் இராணுவக் காரணம் ஒன்றும் இல்லை. தம்ளரை எடுத்து வெந்தயத் தண்ணீரைக் குடித்தார். “செ ஃபோர்” என்றார்.

மறுநாளும் அவள் வெந்தயம் வறுத்தாள். வாசனைக்குப் பிசின் புகைக்கவில்லை. இருவருக்கும் தெரிந்த பிறகு எதற்கு?

ஜூலை பதினான்கு காலை கடற்கரைச் சாலையில் காற்று சரியில்லை. க்சாவியேவின் பழைய கோட்டை மதலேன் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தாள். பட்டையின் வால் நீளமாகத் தொங்கியது. அதை மடித்து முதுகுப் பக்கம் ஊக்குக் குத்தியிருந்தாள். மெடல்கள் கோட்டைக் கீழே இழுத்தன. அரிகிருஷ்ணன் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு கொடிக்கம்பைக் கிண்ணத்தில் செருகினார்.

“கச்சிதம் மிசியே! நம்ம சங்கத்துல இப்படி ஒரு கொடிக்காரர் நின்னதே இல்ல.”

வாத்தியம் முழங்கியது. கடற்காற்று கொடியைப் பிடித்து இழுத்தபோது, க்சாவியே கொடியைப் பிடித்திருக்கிறாரா, கொடி க்சாவியேவைப் பிடித்திருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. ஒரு முறை இருவருமே ஊர்ப் பக்கம் சாய்ந்தார்கள். கூட்டத்தில் நின்ற மதலேனின் கால் தானாக ஒரு அடி எடுத்து வைத்தது. ஆனால் அவர் நிமிர்ந்துவிட்டார். இரண்டு நாட்டுப் பண்களும் முடியும்வரை நிமிர்ந்தே நின்றார். சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பழைய போர்வீரர், எத்தனை களம் கண்டவரோ என்றார்கள்.

வெயில் ஏறியதும்தான் மதலேன் அவர் கண்ணைக் கவனித்தாள். வெள்ளை விழி முழுக்க மஞ்சள் ஏறியிருந்தது. போட்டோக்காரரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கித் தந்தபோது கண்களைக் கம்ப்யூட்டரில் பளிச்சென்று வெள்ளையாக்கியிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்தால் அவருக்கு ஒரு நோயும் இல்லை.

ஆகஸ்டில் பாரீசுக்குப் போனார்கள். மிஷின் அவர் சொன்னபடியே வேறு மாதிரி இருந்தது. படுத்தால் போதும், அதுவே உள்ளே போனது, அதுவே பார்த்தது. கணையத்தில் தொடங்கி ஈரல் வரை பரவிவிட்டது என்று ஓர் இளம் டாக்டர் சொன்னார். அவரும் கேட்டார், எப்போதிலிருந்து இளைத்தீர்கள் என்று. கிறிஸ்மசிலிருந்து என்றார் க்சாவியே. அவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்கவில்லை, அவர்கள் நாகரிகமானவர்கள். மத்தியோ மட்டும் வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு, தான் வாங்கிக் கொடுத்த புட்டியைப் பற்றி யாரிடமோ பிரெஞ்சில் அழுதுகொண்டிருந்தான்.

“புட்டியால ஒண்ணும் ஆவலடா” என்றாள் மதலேன். “நல்லதும் ஆவல, கெட்டதும் ஆவல.”

செய்ய ஒன்றுமில்லை என்று ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். விமானத்தில் க்சாவியே ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

“அந்த டாக்டரு எவ்ளோ அழகா பேசினாரு, கேட்டியா?” என்றார். “இந்த விஷயத்த இவ்ளோ மரியாதையா நம்மூர்ல எவன் சொல்லுவான்?”

மதலேன் அவர் மேல் கம்பளியை இழுத்துவிட்டாள்.

அக்டோபரில் இறந்தார். சவப்பெட்டியின் மேல் சங்கக் கொடியைப் போர்த்தினார்கள். தூக்கியவர்கள், “இவ்ளோ லேசா கீறாரே” என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிலும் ஒரு பாராட்டுத் தொனி இருந்ததை மதலேன் கவனித்தாள்.

நவம்பர் பதினொன்று, முதல் உலகப் போர் முடிந்த நாள், நெருங்கியபோது அரிகிருஷ்ணன் வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரித்தார். காப்பி குடித்தார். பட்டை ஆணியில் தொங்கியதை இரண்டு முறை பார்த்தார்.

“எடுத்துக்கினு போங்க” என்றாள் மதலேன். “யாரு இனிமே?”

“எல்லாரும் என்னையே சொல்றாங்க மதாம். நான் வேணாம்னுதான் சொன்னேன்.”

கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு பட்டையை எடுத்தார். தோளில் போட்டுக்கொண்டார். கொக்கியை இழுத்தார். மூச்சைப் பிடித்து மறுபடியும் இழுத்தார். செருப்பு தைப்பவர் போட்ட ஓட்டைகளெல்லாம் எங்கோ தூரத்தில் வரிசையாக இருந்தன.

“இன்னும் ஒரு ஓட்டதான்” என்றார்.

மதலேன் காலித் தம்ளரை எடுத்துக்கொண்டாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“மதாம், தப்பா நெனக்கக் கூடாது. அந்தப் பாரீஸ் புட்டி... மீதி இருக்கறதா மிசியே ஒரு தடவ சொன்னாரு.”

மதலேன் உள்ளே போய்ப் புட்டியை எடுத்து வந்து மேசை மேல் வைத்தாள். பாதி அப்படியே இருந்தது.

“இங்க பாருங்க மிசியே. இது அவர எளைக்க வெக்கல. உள்ள நோயி இருந்தது. அது தின்னுச்சி. ஈஸ்டருக்கு அப்பறம் இத அவரு குடிக்கவே இல்ல, நான் குடுக்கல. அதான் இவ்ளோ மீதி.”

அரிகிருஷ்ணன் மிகவும் கவனமாகக் கேட்டார். தலையை ஆட்டினார். புட்டியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வியப்பு பரவியது.

“அப்ப பாதிப் புட்டிக்கே அவ்ளோ எளச்சாரா?”

மதலேன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் இறந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு களைப்பை உணர்ந்ததில்லை. இதைச் சொல்லத்தான் அவள் உயிரோடு மிஞ்சியிருக்கிறாள், கேட்கத்தான் ஆள் இல்லை.

“எடுத்துக்கினு போங்க” என்றாள். “ஆனா ஒண்ணு மிசியே. மொதல்ல டாக்டரம்மாகிட்ட ஒரு தடவ உடம்ப காட்டிடுங்க.”

“கண்டிப்பா மதாம், கண்டிப்பா!” அரிகிருஷ்ணன் புட்டியைப் பைக்குள் பத்திரமாக வைத்து எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, நம்பிக்கையோடு சொன்னார்:

“அடுத்த வருஷம் பாரீஸ் போறேன். அங்கயே காட்டிக்கறேன்.”